ஊசி குத்தினால் அந்த நிமிடமே சொல்லுங்கள்

விடிகாலை நாலரை மணி. நைட் டியூட்டியில் உடம்பு அசந்துபோகும் நேரம். ரத்தம் எடுக்கும்போது நோயாளி வெடுக்கென்று கையை இழுக்க, என்னோடு வேலை பார்த்த இளம் செவிலியரின் விரலில் ஊசி ஏறிவிட்டது. விரலைப் பிதுக்கினாள், ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள், கையுறையை மாற்றிக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டாள். என்னிடம் சொன்னது நான்காம் நாள், டீ குடிக்கும்போது. அதற்குள் அந்த நோயாளி டிஸ்சார்ஜ் ஆகியிருந்தார்.

"ஏம்மா உடனே சொல்லல?"

"இன்சார்ஜ் சிஸ்டர் திட்டுவாங்கக்கா. கான்ட்ராக்ட் வேற அடுத்த மாசம் முடியுது."

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை ஊசி குத்திய 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் மிக நல்லது. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அவளுக்கு அந்த வாய்ப்பு கைநழுவிப்போனது. ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் என்று ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் முந்தைய இரவு அவள் தூங்கவில்லை. முடிவுகள் நல்லபடியாக வந்தன. ஆனாலும் அந்த ஆறு மாதம் அவள் படாமல் தவிர்த்திருக்கக்கூடிய வேதனை.

எச்.ஐ.வி. உள்ளவருடைய ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான். ஹெபடைடிஸ் பி என்னும் மஞ்சள் காமாலைக் கிருமி அப்படியல்ல. தடுப்பூசி போடாதவருக்கு அது 6 முதல் 30 சதவீதம் வரை போகும். நாம் எச்.ஐ.வி.க்குப் பயப்படுகிறோம், மஞ்சள் காமாலைக் கிருமியை மறந்துவிடுகிறோம். 0, 1, 6 மாதக் கணக்கில் அதற்கான தடுப்பூசி மூன்றும் போட்டீர்களா? போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து டைட்டர், அதாவது ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவு, பார்த்தீர்களா? 10க்குக் குறைவாக இருந்தால் மறுபடி போட வேண்டும். படிக்கும்போது போட்டதாக ஞாபகம் என்பவர்கள், இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

சரி, குத்திவிட்டது, என்ன செய்வது? ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், விரலை வாயில் வைக்காதீர்கள், பிளீச்சிங், டெட்டால் எதுவும் ஊற்றாதீர்கள். உடனே டியூட்டி டாக்டரிடம் சொல்லி, நேரத்தை எழுதிவையுங்கள். நோயாளியிடம் விஷயத்தைச் சொல்லி, அவர் சம்மதத்தோடு அவருடைய ரத்தத்தையும் சோதிக்க வேண்டும். அந்த முடிவுக்காகக் காத்திருந்து முதல் மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது.

இதைக் கவனக்குறைவு என்று பேசுவது எனக்குக் கோபத்தைத் தருகிறது. ஒரு செவிலியர் வார்டு முழுவதையும் ஒற்றை ஆளாகப் பார்க்கும் இரவில், பயன்படுத்திய ஊசியைப் போடும் வெள்ளைப் பெட்டி வார்டின் கோடியில் இருந்தால், ஊசியின் மூடியைத் திரும்ப மாட்டத்தான் தோன்றும். அங்கேதான் பலருக்கும் குத்துகிறது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், பாதுகாப்பான பணிச்சூழலும் குத்துக்குப் பிந்தைய தடுப்பு மருந்தும் தருவது மருத்துவமனையின் கடமை என்கிறது. நாம் கேட்பது சலுகை அல்ல.

அந்த ஆறு மாதத்துக்கு அப்புறம், எங்கள் வார்டில் அந்த வெள்ளைப் பெட்டி டிராலியோடு படுக்கை வரை வருகிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் முதல் நாளே என் போன் நம்பரைக் கொடுத்து, ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். இதுவரை இரண்டு பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். இருவருமே குத்திய அரை மணி நேரத்துக்குள்.