கப்பல் எந்த ஊரில் நிற்கும்? குற்றப் பயம் போடும் கணக்கு

2024 ஜனவரியில், அமெரிக்காவுக்குப் பக்கத்துத் தீவு நாடான பஹாமாஸின் தலைநகர் நசாவில் உள்ள அமெரிக்கத் தூதரகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஆண்டு பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அந்த நகரில் 18 கொலைகள். பட்டப்பகலில், நடுத்தெருவில்கூட நடந்தவை. பெரும்பாலும் கும்பல்களுக்குள் பழிக்குப் பழி. சில நாட்களில் அமெரிக்க வெளியுறவுத் துறையும் பஹாமாஸுக்கான தன் பயண எச்சரிக்கையைப் புதுப்பித்தது. அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் செய்தி ஓடியது. நசாவில் நிற்கும் சொகுசுக் கப்பலில் டிக்கெட் போட்டு வைத்திருந்தவர்கள், ‘ரத்து செய்துவிடலாமா’ என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்த ஆண்டு பஹாமாஸுக்கு வந்தவர்கள் சுமார் 1.12 கோடி பேர். அதுவரை காணாத எண்ணிக்கை. அதற்கு முந்தைய ஆண்டில் 96 லட்சம் சொச்சம்தான். வந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் கடல் வழியாக வந்தவர்கள்.

சரி, அப்படியென்றால் இந்தப் பயமெல்லாம் வெறும் பேச்சா? அதுவும் இல்லை. 2011-இல் மெக்சிகோவின் பசிபிக் கரையில் உள்ள மசட்லான் என்ற ஊரை டிஸ்னி, பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, கார்னிவல் உள்ளிட்ட கப்பல் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் பயணப் பட்டியலிலிருந்து நீக்கின. லட்சக்கணக்கில் பயணிகள் இறங்கிய துறைமுகம் சில மாதங்களில் காலியானது. ஒரு கடைக்காரரின் ஆண்டு வருமானம், எங்கோ மயாமியிலும் சியாட்டிலிலும் இருக்கும் அலுவலகங்களில் எடுத்த முடிவால் போனது.

ஒரே மாதிரியான பயம்தான். ஓர் ஊரில் கூட்டம் கூடுகிறது, இன்னோர் ஊரில் துறைமுகமே காலியாகிறது. காரணம் தெரிய வேண்டுமானால், சொகுசுக் கப்பலில் போகிறவர் உண்மையில் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

விமானத்தில் போகிறவர் ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கிறார். கப்பலில் போகிறவர் முதலில் பார்ப்பது எந்தக் கப்பல், எத்தனை நாள், என்ன விலை, வீட்டுக்குப் பக்கத்துத் துறைமுகத்திலிருந்து கிளம்புகிறதா என்பவற்றை. நடுவில் நிற்கும் ஊர்கள் டிக்கெட்டோடு சேர்ந்து வருபவை. வழியில் ஒரு ஸ்டேஷன் பிடிக்கவில்லை என்பதற்காக ரயில் டிக்கெட்டை யார் ரத்து செய்கிறார்கள்? நசாவைப் பார்த்துப் பயந்தவருக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. இறங்காமல் இருந்துவிடலாம். கப்பலிலேயே நீச்சல் குளம், சாப்பாடு, எல்லாம் இருக்கிறது. அன்றைக்குக் கூட்டமும் குறைவு. ஆக, பயம் டிக்கெட் விற்பனையில் தெரிவதைவிட, கப்பலின் படியில்தான் அதிகம் தெரியும். எத்தனை பேர் இறங்கினார்கள், இறங்கியவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள், எவ்வளவு செலவு செய்தார்கள் என்பதில். வருகைப் புள்ளிவிவரத்திலோ, கப்பல் நின்றாலே அதிலிருந்த அத்தனை பேரும் வந்ததாகத்தான் பெரும்பாலும் பதிவாகும்.

இறங்குவதா வேண்டாமா என்று மனம் முடிவு செய்வதும் ஒரு தனி விஷயம். 1973-இல் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் ஒன்றைக் காட்டினார்கள்: ஒரு நிகழ்வு எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்பதை, அது எவ்வளவு சுலபமாக நினைவுக்கு வருகிறது என்பதை வைத்தே நாம் மதிப்பிடுகிறோம். 1987-இல் இன்னோர் உளவியலாளரான பால் ஸ்லோவிக் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இதை வேறு பக்கத்திலிருந்து பார்த்தது. நிபுணர்களுக்கு ஆபத்து என்றால் பெரும்பாலும் ஆண்டுக்கு எத்தனை சாவு என்ற கணக்கு. மற்றவர்களுக்கு அந்த எண்ணைவிட வேறு கேள்விகள் பெரியவை. இது என் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? நினைத்தாலே குலை நடுங்குகிறதா? எனக்குப் பழகிய ஆபத்தா, புதிதா? தெரியாத ஊரில், புரியாத தெருவில், முகம் தெரியாத ஒருவன் துப்பாக்கியோடு வருவது இந்த மூன்று கேள்வியிலும் முழு மதிப்பெண் வாங்கிவிடும். அமெரிக்கர்கள் வெளிநாட்டில் இயற்கையல்லாத முறையில் இறப்பதற்கான காரணங்களில் சாலை விபத்து பல ஆண்டுகளாக முன்வரிசையில் இருக்கிறது. ஆனால் துறைமுகத்தில் வாடகைக்கு ஸ்கூட்டர் எடுக்கும்போது யாருக்கும் நெஞ்சு படபடப்பதில்லை.

நசாவின் 18 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். 2023-இல் பஹாமாஸில் 110 கொலைகள். மக்கள்தொகை ஏறத்தாழ 4 லட்சம். லட்சம் பேருக்கு 27-க்கும் மேல். அமெரிக்காவில் இதே விகிதம் 6-ஐ ஒட்டி இருக்கும். உள்ளூர் மக்களுக்கு இது உண்மையிலேயே கடுமையான நிலை, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் இந்த விகிதம் அங்கே ஆண்டு முழுக்க வாழ்கிறவர்களுடையது. காலையில் இறங்கி மாலையில் ஏறுகிறவரின் ஆபத்தை இதிலிருந்து கணக்கிட முடியாது. எச்சரிக்கையைப் பொறுமையாகப் படித்தால் அதிலேயே வரைபடம் இருக்கிறது: கும்பல் வன்முறை மிகுந்தது ‘ஓவர் த ஹில்’ எனப்படும் பகுதி, ஷெர்லி தெருவுக்குத் தெற்கே. கப்பல் நிற்பது அதற்கு வடக்கே, கடைவீதியான பே தெருவை ஒட்டி. நடுவில் சில தெருக்கள்தான். தலைப்புச் செய்தியில் அந்தச் சில தெருக்கள் காணாமல் போய், ‘பஹாமாஸில் கொலை’ என்று மட்டும் மிஞ்சுகிறது.

பயத்துக்கு நிலவியல் தெரியாது என்பதற்கு மெக்சிகோ இன்னும் நல்ல உதாரணம். 2010-இல் அமெரிக்க எல்லையை ஒட்டிய சியுடாட் ஹுவாரெஸ் நகரில் 3,000-க்கும் அதிகமான கொலைகள் நடந்தன. மசட்லான் அங்கிருந்து 900 கிலோமீட்டருக்கும் அப்பால். போதைக் கும்பல்களின் மோதல் மசட்லானிலும் இருந்தது என்பது உண்மைதான். ஆனால் அமெரிக்கப் பயணியின் மனதில் இரண்டும் ஒரே கறையாகப் பரவிவிட்டன. அதே மெக்சிகோவின் கிழக்குக் கரையோரத் தீவான கொசுமெல் அப்போதும் உலகின் நெரிசலான கப்பல் துறைமுகங்களில் ஒன்றாகவே தொடர்ந்தது. அதைப் பயணிகள் மெக்சிகோ என்று பார்ப்பதில்லை, கரீபியன் என்றுதான் பார்க்கிறார்கள் என்பது என் ஊகம்.

இப்போது நிறுவனங்கள் பக்கம் வருவோம். உண்மையான அதிகாரம் அங்கேதான் இருக்கிறது. பயணிகளில் நூற்றில் ஐந்து பேர் பயந்தால் ஓர் ஊருக்கு ஐந்து சதவீத நஷ்டம், அவ்வளவுதான். ஆனால் நிறுவனம் பயந்தால் நூறு சதவீதமும் ஒரே நாளில் போய்விடும். நிறுவனம் பயப்படுவதற்குச் சட்டக் காரணமும் உண்டு.

2010 ஜூலையில் கார்னிவல் கப்பலொன்றில் அமெரிக்க விர்ஜின் தீவுகளின் செயின்ட் தாமஸுக்கு வந்த ஒரு குடும்பம், கோக்கி கடற்கரைக்குப் போய்விட்டுத் திறந்த பேருந்தில் கப்பலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வழியில் ஒரு கும்பல்காரனின் இறுதிச் சடங்கு. பேருந்து நெரிசலில் நின்றுவிட்டது. அங்கே வெடித்த துப்பாக்கிச் சண்டையில் அந்தக் குடும்பத்துச் சிறுமி குண்டு பாய்ந்து இறந்தாள். குடும்பம் வழக்குப் போட்டது. கப்பல் ஊழியர் ஒருவர்தான் அந்தக் கடற்கரைக்குப் போகச் சொன்னார், அங்கே கும்பல் வன்முறை இருப்பது நிறுவனத்துக்குத் தெரியும், ஆனால் எங்களுக்குச் சொல்லவில்லை என்பது அவர்கள் வாதம். அது நிறுவனத்தின் பேருந்தும் அல்ல, நிறுவனத்தின் கடற்கரையும் அல்ல. கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது: பயணிகள் போகக்கூடிய கரையோர இடங்களில் நிறுவனத்துக்குத் தெரிந்த ஆபத்து இருந்தால், அதை எச்சரிக்கும் கடமை கரையிறங்கிய பிறகும் நிறுவனத்துக்கு உண்டு என்று வழக்கைத் தொடர அனுமதித்தது.

கேபினில் வந்து கிடக்கும் ‘தங்க நகை அணியாதீர்கள், கூட்டமாகச் செல்லுங்கள், நாங்கள் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவிலேயே செல்வது நல்லது’ என்ற தாளுக்குப் பின்னால் இப்படியொரு கடமையும் இருக்கிறது. கடைசி வரியைக் கவனியுங்கள். நிறுவனம் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் நிறுவனத்துக்கு நல்ல பங்கு கிடைக்கும். எச்சரிக்கை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பயந்த பயணி அதிகம் செலவழிக்கும் இடம் கப்பல் கம்பெனியின் கவுன்டர்.

அந்தச் சுற்றுலாவும் கவசம் அல்ல. 2012 பிப்ரவரியில் மெக்சிகோவின் அதே பசிபிக் கரையில் உள்ள புவர்ட்டோ வயார்ட்டாவில், கார்னிவல் ஸ்பிளெண்டர் என்ற கப்பலின் பயணிகள் 22 பேர் போன சுற்றுலாப் பேருந்தை முகமூடிக்காரன் ஒருவன் துப்பாக்கியோடு மறித்து உடைமைகளைப் பறித்தான். யாருக்கும் காயமில்லை. நிறுவனம் அந்த ஒரு சுற்றுலாவை மட்டும் நிறுத்தியது. கப்பல் அந்த ஊருக்கு வருவதை நிறுத்தவில்லை. மசட்லானும் போய், புவர்ட்டோ வயார்ட்டாவும் போனால், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிளம்பும் ஏழு நாள் கப்பல் எங்கேதான் போகும்? மாற்று ஊர் எத்தனை இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பயம் பலிக்கிறது.

நசா தப்பித்ததற்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. 1886-இல் இயற்றிய ஓர் அமெரிக்கச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன்படி, வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளேற்றிக்கொண்டு அமெரிக்க ஊர்களை மட்டுமே சுற்றிவிட்டுத் திரும்ப முடியாது. நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும். பெரிய சொகுசுக் கப்பல்களில் ஏறக்குறைய எல்லாமே வெளிநாட்டுக் கொடிதான். மயாமியிலிருந்து மூன்று நான்கு நாளில் போய் வர, சுமார் 300 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள நசாவைவிட வசதியான வெளிநாடு எங்கே கிடைக்கும்?

கிடைக்கிறது, சொந்தமாக ஒரு தீவை வைத்துக்கொண்டால். 1977-இல் நார்வீஜியன் நிறுவனம் பஹாமாஸில் கிரேட் ஸ்டிரப் கே தீவை வாங்கியது. டிஸ்னி 1998-இல் காஸ்ட்அவே கேயைத் திறந்தது. ராயல் கரீபியன் 25 கோடி டாலர் செலவில் தன் கோகோகே தீவைப் புதுப்பித்து 2019-இல் திறந்தது. சட்டப்படி இவையும் பஹாமாஸ்தான், வெளிநாடுதான். குடிமக்கள் இல்லை, சந்து பொந்து இல்லை, பேரம் பேசும் டாக்சிக்காரர் இல்லை. பானம் விற்கும் காசும் கம்பெனிக்கே. பயம் மட்டுமே இவற்றைக் கட்டவில்லை; லாபம் பெரிய காரணம். ஆனால் பஹாமாஸின் அந்த 1.12 கோடியில் இப்படிப்பட்ட தீவுகளுக்கு வந்து போனவர்களும் சேர்த்தி. நசாவின் கடைத்தெருவில் தொப்பி விற்கும் பெண்மணிக்கு அந்தச் சாதனை எண்ணில் எவ்வளவு பங்கு என்பது வேறு கேள்வி.

வேலி கட்டியும் பயம் உள்ளே வந்த இடம் லபாடி. ஹெய்ட்டியின் வடகரையில் ஒரு தீபகற்பம். 1986 முதல் ராயல் கரீபியன் குத்தகைக்கு எடுத்து, வேலி போட்டு, காவல் வைத்து நடத்தி வந்தது. பயணிகள் வேலியைத் தாண்டி வெளியே போக முடியாது. தொடக்க காலத்தில் விளம்பரங்களில் ஹெய்ட்டி என்ற பெயரைக்கூட அடக்கி வாசித்து, ‘ஹிஸ்பானியோலா’ என்று தீவின் பெயரைப் போட்டார்கள். தலைநகர் போர்ட்டோ பிரின்ஸில் கும்பல்கள் தெருக்களைப் பிடித்தபோது, அதிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த லபாடிக்குக் கப்பல் வருவது 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. 2025 ஏப்ரலில் மறுபடி நிறுத்தப்பட்டது.

மசட்லானுக்கு 2013 இறுதியில் கப்பல்கள் திரும்ப வரத் தொடங்கின. துறைமுகத்திலிருந்து பழைய ஊருக்குப் போகும் வழியில் ஒரு நீலக் கோடு வரைந்திருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டே நடக்கலாம். நீலச் சட்டை போட்ட தன்னார்வலர்கள் வழி சொல்வார்கள். கால் வலித்தால் ‘புல்மோனியா’ என்ற திறந்த டாக்சி உண்டு. ஊர் இருக்கும் சினலோவா மாநிலத்துக்கு அமெரிக்க வெளியுறவுத் துறை கொடுத்திருந்தது நிலை 4, அதாவது ‘போகவே வேண்டாம்’. அதே அறிவிப்புக்குள் இன்னொரு வரியும் இருந்தது: அரசு ஊழியர்கள் மசட்லானுக்கு விமானத்திலோ கப்பலிலோ வரலாம், தங்க மண்டலம் எனும் ஓட்டல் பகுதி, பழைய நகர மையம், இவற்றையும் விமான நிலையத்தையும் கப்பல் முனையத்தையும் இணைக்கும் நேர்வழிகள், இவ்வளவுக்குள் மட்டும்.