சொல் விளக்கம்: காந்தத் திண்மநிலைப் பிரித்தெடுப்பு

கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளில் கூழாக்கப்படும் பெங்களூரா மாம்பழம், பழச்சாறாக எங்கெங்கோ செல்கிறது. மாமரம் பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சிக்கு அடித்த மருந்து அதில் சிறிதேனும் தங்கியிருக்கிறதா என்று அறிய உதவும் முறைகளுள் ஒன்று 'மேக்னட்டிக் சாலிட் ஃபேஸ் எக்ஸ்ட்ராக்‌ஷன்'. இதைத் தமிழில் காந்தத் திண்மநிலைப் பிரித்தெடுப்பு எனலாம். செக் நாட்டு அறிவியலாளர்களான மிர்கா சஃபாரிகோவாவும் இவோ சஃபாரிக்கும் 1999இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் வழியாக இப்பெயர் பரவியது.

தனி வரம்பு குறிக்கப்படாத பூச்சிக்கொல்லிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற பொது வரம்பை வைத்துள்ளது. சர்க்கரை, நார், நிறமி ஆகியவற்றுக்கிடையே இவ்வளவு சிறிய அளவை நேரடியாக அளப்பது கடினம் என்பதால், முதலில் எச்சத்தைப் பிரித்துச் செறிவாக்க வேண்டியுள்ளது. நீர் சேர்த்த பழச்சாற்றில் காந்தத் துகள்களைக் கலந்து குலுக்கினால் மருந்து மூலக்கூறுகள் துகள்களின் மேல் ஒட்டிக்கொள்ளும். கலத்தின் வெளியே காந்தத்தை வைத்தால் துகள்கள் ஓரத்தில் திரள, சாற்றை வடித்துவிட்டு, அசிட்டோநைட்ரைல் போன்ற சிறிதளவு கரைப்பானால் எச்சத்தைக் கழுவி எடுக்கலாம். வழக்கமான திண்மநிலை முறையில் துகள் நிரப்பிய குழாய் வழியே சாற்றைச் செலுத்துவதால் கூழ் குழாயை அடைத்துக்கொள்ளும். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

'காந்தம்' வடமொழி 'அயஸ்காந்தம்' என்பதன் வழி வந்தது. இரும்பால் விரும்பப்படுவது என்பது அதன் பொருள். 'எச்சம்' தமிழ்ச் சொல். 'எஞ்சு' என்னும் வினையடியிற் பிறந்தது. 'ரெசிட்யூ' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டியதில்லை.

இத்துகள்களை ஆங்கிலத்தில் 'மாடிஃபைடு' என்ற அடையோடு குறிப்பதுண்டு. அதை 'மாற்றியமைக்கப்பட்ட' என்று எழுதுவது எனக்கு நிறைவளிக்கவில்லை. துகளின் உள்ளே இருக்கும் மேக்னடைட் என்னும் காந்த இரும்பு ஆக்சைடு மாறுவதில்லை. வெறும் மேக்னடைட் அமிலத்தில் மெல்லக் கரையும், ஒன்றோடொன்று திரளும். மாஞ்சாறோ அமிலத்தன்மை உடையது. அதனால்தான் அதன்மேல் சிலிக்கா, கிராபீன் ஆக்சைடு முதலியவற்றைப் போர்த்துகிறார்கள்; மருந்தைப் பற்றிக்கொள்வதும் அந்தப் போர்வையே. எனவே 'மேற்பூச்சிட்ட காந்தத்துகள்' என்பதே செயலை உள்ளபடி காட்டும். 'பண்பேற்றிய' என்பதும் ஒத்துவராது. அது வானொலி அலைகளுக்கு உரியதாகிவிட்டது.

'காந்தம் பூச்சிக்கொல்லியைக் கண்டறிகிறது' என்று எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். காந்தத்துகள் பிரித்துத் தருகிறது. எந்த மருந்து, எவ்வளவு என்று சொல்வன அதன் பின்னர் இயங்கும், கலவையின் கூறுகளைத் தனித்தனியே பிரிக்கும் வண்ணப்பிரிகைக் கருவியும் மூலக்கூறுகளை அவற்றின் நிறையால் இனங்காணும் நிறை நிறமாலைமானியுமே.