லூமென் எண்ணை மட்டும் பார்த்து டார்ச் லைட் வாங்காதீர்கள்

நான் சிங்கப்பூரில் உரிமம் பெற்ற எலக்ட்ரிஷியன். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடுகள், கடைவீடுகள், சில தொழிற்கூடங்கள் என்று போய்வருகிறேன். மின்சாரம் போன வீட்டில் கதவைத் திறப்பவர் கையில் பெரும்பாலும் கைப்பேசிதான் வெளிச்சம் காட்டும். “அண்ணே, நான் பிடிச்சுக்கிறேன், நீங்க பாருங்க” என்பார்கள். நல்ல மனசு. ஆனால் பிடிப்பவர் திரும்பினால் வெளிச்சமும் திரும்பும். அவசரத்துக்கு யாரையாவது அழைக்கவும் அதே கைப்பேசிதான் வேண்டும். வெளிச்சத்துக்கே சார்ஜ் தீர்ந்துபோனால் இரண்டும் போச்சு.

இங்கே மின்தடை அபூர்வம். அதனாலேயே வீட்டில் நல்ல டார்ச் இருப்பதில்லை. 2018 செப்டம்பர் 18 அதிகாலை 1.18 மணிக்கு ஏறக்குறைய 147,000 வீடுகளிலும் கடைகளிலும் விளக்கணைந்தது. முழுதாகச் சரியாக 38 நிமிடம் ஆனது. அது ஊரளவு தடை. ஒரே வீட்டில் ஹீட்டரிலோ பழைய ஃபிரிட்ஜிலோ மின்சாரம் கசிந்து டிரிப் ஆவது, அதாவது பாதுகாப்பு ஸ்விட்ச் தானாக விழுவது, அடிக்கடி நடக்கிறது. அப்போது சாமி மேடையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திரைச்சீலையும் குழந்தைகளும் உள்ள வீட்டில் தயவுசெய்து வேண்டாம். குடிமைத் தற்காப்புப் படை சொல்லும் அவசரகாலப் பையிலும் டார்ச் உண்டு, மெழுகுவத்தி இல்லை.

சரி, எந்த டார்ச்? கடையில் எல்லாரும் முதலில் பார்ப்பது லூமென். அது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளி. அந்த ஒளி எங்கே போய் விழுகிறது என்பதை அது சொல்லாது. ஒரு திசையில் ஒளி எவ்வளவு செறிந்து பாய்கிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. பெட்டியில் “ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1” என்று போட்டிருந்தால் அளந்த முறை தெரிந்த எண்கள் என்று பொருள். லக்ஸ் என்பது ஒரு பரப்பில் வந்து விழும் ஒளியின் அளவு. அந்த முறைப்படி, ஒளி 0.25 லக்ஸாகக் குறையும் இடம் வரை உள்ள தொலைவைத்தான் ‘தூரம்’ என்று போடுவார்கள். அது முழுநிலவு வெளிச்சத்துக்குச் சமம், அவ்வளவுதான். ‘100 மீட்டர்’ என்றால் 100 மீட்டரில் எழுத்து வாசிக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அதே 100 மீட்டர் டார்ச்சில் சுமார் 2,500 கேண்டெலா இருக்கும். அதை டிபி பாக்ஸுக்கு (வீட்டின் மின் ஸ்விட்சுகள் எல்லாம் இருக்கும் பெட்டி) அரை மீட்டர் தள்ளிப் பிடித்தால் நடுவில் 10,000 லக்ஸ் விழும். அலுவலக மேசைக்கே 500 லக்ஸ் போதும் என்கிறார்கள். வெள்ளை பிளாஸ்டிக் பலகையில் பட்டுத் திரும்பும் அந்த ஒளியில் கண் கூசும், ஸ்விட்சுக்குக் கீழே உள்ள சின்ன எழுத்து மறையும். வீட்டு வேலைக்கு வேண்டியது பரந்து விழும் மென்மையான ஒளி. 100 முதல் 200 லூமென் தாராளம். தூரம் வேண்டியவர்கள் காவலாளிகள், படகில் போகிறவர்கள், பெரிய கிடங்கில் ரோந்து போகிறவர்கள்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது நிறத்தைப் பற்றி. இங்கே 2009இல் ஒயர் நிறங்கள் மாறின. அதற்கு முன் ஃபேஸ் (மின்சாரத்தைக் கொண்டுவரும் ஒயர்) சிவப்பு, மஞ்சள், நீலம்; நியூட்ரல் (அது திரும்பும் ஒயர்) கறுப்பு. அதன் பிறகு ஃபேஸ் பழுப்பு, கறுப்பு, சாம்பல்; நியூட்ரல் நீலம். எர்த் மட்டும் அதே பச்சை-மஞ்சள். பழைய கடைவீட்டில் பாதி வயரிங்கை மட்டும் மாற்றியிருந்தால் ஒரே பெட்டிக்குள் இரண்டு காலத்து ஒயரும் கிடக்கும். பழைய கணக்கில் நியூட்ரலான கறுப்பு, புதிய கணக்கில் 230 வோல்ட் ஓடும் ஃபேஸ். நீலம் நேர்மாறு. அதன்மேல் இருபது வருடத் தூசி. மலிவான எல்இடி டார்ச்சில் நீல ஒளி தூக்கலாகவும் சிவப்பு குறைவாகவும் இருக்கும். அதில் பழுப்பு கறுத்துத் தெரியும், பழைய சிவப்பும் பழுப்பாகத் தெரியும், நைந்த சாம்பலும் கறுப்பும் ஒன்றுபோல இருக்கும். நிறத்தை நம்பி மட்டும் யாரும் கை வைப்பதில்லை, மீட்டர் வைத்துத்தான் தொடுகிறோம். ஆனாலும் எதை எங்கே கழற்றினோம் என்று பிரித்துவைப்பது கண்ணின் வேலை.

அதனால் என்னிடம் வேலை பழகும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன்: சிஆர்ஐ, அதாவது நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்கிற எண், 90க்கு மேல் போட்டிருக்கிறதா பார். அதே விலையில் லூமென் கொஞ்சம் குறையும், குறையட்டும். மின்பொருள் கடைகள் உள்ள சிம் லிம் டவர் பக்கம் டார்ச் வாங்கப் போகும்போது சட்டைப்பையில் பழுப்பு, சிவப்பு, சாம்பல், கறுப்பு ஒயர்த் துண்டுகளைப் போட்டுக்கொண்டு போ. கடை வெளிச்சம் படாமல் அவற்றைக் கைக்குள் மறைத்து டார்ச்சை அடித்துப் பார். நான்கும் நான்காகத் தெரியாவிட்டால் வைத்துவிட்டு வா. ஒயர் தொடாதவர்களுக்கும் இது பொருந்தும்: இருட்டில் மாத்திரை நிறம் பார்க்க, குழந்தையின் காயத்தைப் பார்க்க.

அடுத்தது கை. பொய்க்கூரைக்கு மேலே ஏணியில் நிற்பவன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்தால் எனக்குப் பதறும். தலையில் மாட்டும் ஹெட்லேம்ப் வாங்கிக் கொடுங்கள். திறந்த டிபி முன்னால் அலுமினிய உடல் டார்ச் கூடாது. கைதவறி பஸ்பார் (மின்சாரம் ஓடும் உலோகப் பட்டை) மேல் விழுந்தால் ஷார்ட் ஆகித் தீப்பொறி முகத்தில் அடிக்கும். பிளாஸ்டிக் உடலே நல்லது. அடியில் காந்தம் உள்ளதை டிபிக்குள் ஒட்டாமல் பக்கத்து இரும்புக் கதவில் ஒட்டுங்கள்.

ஜூரோங் தீவு போன்ற இடங்களில் எரிவாயு, பெட்ரோல் ஆவி சேரும் பகுதியில் வேலை செய்பவர்களுக்கு இதெல்லாம் இரண்டாம்பட்சம். அங்கே வெடிப்பு ஆபத்துள்ள இடத்துக்கான ‘இஎக்ஸ்’ முத்திரையும், அந்த இடத்தின் ஆபத்தைச் சொல்லும் மண்டல எண்ணுக்கு ஏற்ற தரமும் உள்ள டார்ச் மட்டுமே. சாதாரண டார்ச்சின் ஸ்விட்சில் எழும் பொறியே போதும், தீப்பற்ற. சொந்த டார்ச்சை உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

வயதான அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்கு, அழுத்த அழுத்த மாறி மின்னுகிற ஏழு மோடு டார்ச் வேண்டாம். ஒரே பொத்தான், ஏஏ பேட்டரி போதும்; அந்தப் பேட்டரி எந்தச் செவன் இலெவன் கடையிலும் கிடைக்கும். பேட்டரியை உள்ளேயே வருடக்கணக்கில் விட்டுவைத்தால் ஆல்கலைன் கசிந்து தொடுமுனையைத் தின்றுவிடும், நம் ஊர் ஈரப்பதத்தில் துரு வேறு. கழற்றி, டார்ச்சோடு ஒரு சிறு பையில் போட்டு, டிபி பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். டிரிப் ஆனால் எல்லாச் சின்ன ஸ்விட்சையும் இறக்கி, ஆர்சிசிபியை (மின்கசிவு வந்தால் தானே விழும் ஸ்விட்ச்) மேலே தள்ளி, பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதை இறக்கியே வையுங்கள். டிபியின் மூடியைத் திருகிக் கழற்ற வேண்டாம்.

சார்ஜ் ஏற்றும் டார்ச் வாங்கினால் பேட்டரியைக் கவனியுங்கள். அதில் வரும் லித்தியம் பேட்டரியில் 18650 என்பது 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். அந்த உடம்புக்குள் பெரும்பாலும் 3,500 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) அளவுதான் அடங்கும். 9,900 என்று அச்சடித்திருந்தால் பொய். எண்ணில் பொய் சொல்கிறவன் பாதுகாப்புச் சுற்றையும் வைத்திருக்க மாட்டான். சுவரில் செருகும் அடாப்டரில் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விமானத்தில் ஊருக்குப் போகும்போது முஸ்தஃபா கடையில் டார்ச் வாங்கிப் போகிறவர்கள் நிறைய. உதிரி லித்தியம் பேட்டரியைப் பெட்டியில் போட்டு லக்கேஜில் அனுப்பக் கூடாது. கைப்பையில்தான் வர வேண்டும். ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். விமான நிறுவனத்திடம் தனி அனுமதி கேட்காமல் கொண்டுபோகும் வரம்பு ஒரு பேட்டரிக்கு 100 வாட்-மணி. ஒரு 18650இல் சுமார் 13தான். தடையில்லாமல் போகும்.