இருபதாயிரத்துக்குள் ஒரு டிவி: வாங்கும் முன் மெக்கானிக் சொல்வதையும் கேளுங்கள்

போன மாதம் ஒரு தம்பி 43 இஞ்ச் டிவியை ஆட்டோவில் நிமிர்த்திப் பிடித்தபடி என் கடைக்குக் கொண்டு வந்தார். சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர். அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த பணத்தில் வாங்கிய டிவி, பதினான்கு மாதம்தான் ஆகிறது. ஆன் செய்தால் சத்தம் நன்றாக வருகிறது, படத்தில் வலது பாதி முழுக்க நெட்டுக் கோடுகள். "ஏதோ ஐசி போயிருக்கும்ணே, மாத்திரலாம்ல?" என்று கேட்டார். கழற்றிப் பார்த்தேன். படம் தெரியும் திரைதான் பேனல், அதன் ஓரத்தில் ஒட்டி அதற்கு சிக்னல் கொண்டுபோகும் மெல்லிய பிலிம் விட்டுப் போயிருந்தது. அதை மறுபடி ஒட்டத் தனி மெஷின் வேண்டும், பெரிய ஊர்களில் செய்கிறார்கள், ஆனால் எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். புது பேனல் போடலாம் என்றால் அந்த மாடலுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. அட்டைப்பெட்டியில் இருந்த கஸ்டமர் கேர் நம்பருக்கு அடித்தால் உபயோகத்தில் இல்லை என்கிறது. பதினாறாயிரம் ரூபாய். அவர்கள் வீட்டில் அது எத்தனை மாதச் சேமிப்பு என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் டிவி கழற்ற ஆரம்பித்தது பிக்சர் டியூப் காலத்தில். 2006இல் தமிழக அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்த பிறகு, சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து அந்த 14 இஞ்ச் பெட்டிகள் வரிசையாக ரிப்பேருக்கு வரும். டியூபுக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் ஈஎச்டி போனாலும் சரி, ஐசி போனாலும் சரி, சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும். இப்போதைய எல்இடி டிவி அப்படி இல்லை. உள்ளே பெரிதாக மூன்றே விஷயம்தான்: முன்னால் பேனல், அதற்குப் பின்னால் வெளிச்சம் கொடுக்கும் எல்இடி பட்டைகள், அப்புறம் ஒன்றிரண்டு போர்டுகள். போர்டு போனால் மாற்றலாம். பட்டை போனாலும் மாற்றலாம். பேனல் போனால் கிட்டத்தட்ட டிவியே போனதுதான், ஏனென்றால் நீங்கள் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு பேனலுக்குத்தான் போகிறது.

அதனால் "எந்த டிவி வாங்கலாம்?" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். இந்தக் கம்பெனிக்கு உங்கள் ஊரிலோ பக்கத்து டவுனிலோ சர்வீஸ் யார் பார்க்கிறார்கள்? கடைக்காரரிடம் கேட்காதீர்கள், அவர் எல்லாவற்றுக்கும் இருக்கிறது என்பார். கம்பெனியின் இணையதளத்தில் சர்வீஸ் சென்டர் முகவரியைத் தேடி, அந்த நம்பருக்கு ஒரு தடவை போன் அடித்து, "இந்த மாடலுக்கு பேனல் போனால் கிடைக்குமா, எவ்வளவு ஆகும்?" என்று கேளுங்கள். யாராவது எடுத்துப் பேசினாலே பாதிக் கவலை தீர்ந்தது.

அடுத்து வெளிச்சம். என் மேஜைக்கு அதிகமாக வரும் புகார் "சத்தம் வருது, படம் வரல" என்பதுதான். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் அடித்துப் பார்த்தால் உள்ளே படம் மங்கலாக ஓடுவது தெரியும். அப்படித் தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பெரும்பாலும் எல்இடி பட்டைதான் போயிருக்கும். இந்தச் சின்ன எல்இடிகளை வரிசையாக, சீரியல் செட் மாதிரி கோத்திருப்பார்கள், ஒன்று போனால் அந்த வரிசையே அணைந்துவிடும். விலை குறைந்த டிவிகளில் எல்இடி எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, இருக்கிற கொஞ்சத்தில் கரண்டைக் கூட்டி வெளிச்சத்தை ஈடுகட்டுகிறார்கள். சூடு ஏறுகிறது, ஒன்றரை இரண்டு வருடத்தில் போய்விடுகிறது. மாற்றும்போது முழு செட்டாக மாற்றச் சொல்லுங்கள், போனதை மட்டும் மாற்றினால் மூன்று மாதத்தில் அடுத்தது போகும், மறுபடி டிவியைப் பிரிக்கும்போது பேனலுக்கு ஆபத்து.

ஷோரூமில் எல்லா டிவியும் ஜொலிப்பதற்கும் இந்த வெளிச்சம்தான் முக்கியக் காரணம். வெளிச்சத்தை நூறில் வைத்து, கலரைக் கூட்டி, 4கே டெமோ வீடியோ ஓடவிட்டிருப்பார்கள். உங்கள் வீட்டில் ஓடப்போவது அந்த வீடியோ இல்லை. கேபிளில் சாதாரண சேனல்தான் பார்ப்பீர்கள் என்றால், அந்தப் படத்தில் மேலிருந்து கீழாக இருப்பது 576 வரி. 4கே பேனலில் இருப்பது 2160 வரி. 576ஐ இழுத்து 2160 ஆக்கினால் முகங்கள் எல்லாம் மெழுகு பூசினமாதிரிதான் இருக்கும். புது டிவி வாங்கிய மறுநாளே "பழைய டிவியே தெளிவா இருந்துச்சு" என்று எத்தனை பேர் எனக்கு போன் செய்திருக்கிறார்கள். சீரியலும் செய்தியும் மட்டும் பார்க்கிற வீடு, உட்காரும் தூரம் ஆறேழு அடி என்றால் 32 இஞ்ச் போதும். யூடியூப், ஓடிடி எல்லாம் வைஃபையில் பார்க்கிறீர்கள், கிரிக்கெட்டை எச்டியில் பார்க்கிறீர்கள் என்றால் 43க்குப் போகலாம். 32க்கு மேல் போனால் ஜிஎஸ்டி வரி அதிகம் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது பழைய கதை, 2025 செப்டம்பர் 22 முதல் அந்த 28 சதவீதமும் 18 ஆகிவிட்டது.

ஸ்டிக்கர் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "4கே சப்போர்ட்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அதற்கு அர்த்தம், 4கே வீடியோவைக் கொடுத்தால் அந்த போர்டு அதை வாங்கி ஓட்டும் என்பது மட்டுமே, பேனல் 1366க்கு 768ஆகவே இருக்கலாம். மாடல் நம்பரை போனில் போட்டு ரெசல்யூஷன் என்ற வரியைப் படியுங்கள். 3840க்கு 2160 என்று இருந்தால் 4கே, 1920க்கு 1080 என்று இருந்தால் ஃபுல் எச்டி. பளிச்சென்ற இடமும் இருட்டான இடமும் தெளிவாகத் தெரிய வைக்கும் எச்டிஆர் என்பதும் அப்படித்தான், அதற்கு ஏற்ற வெளிச்சம் விலை குறைந்த பேனலில் கிடையாது, அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். "ஆண்ட்ராய்டு டிவி" என்று சொல்லி விற்கும் பெயர் தெரியாத செட்டுகளில் இருப்பது பல சமயம் செல்போன் ஆண்ட்ராய்டு. அந்த செட்டுகளில் ஓடிடி படங்களை எச்டியில் ஓட்டத் தேவையான வைட்வைன் எல்1 என்ற அங்கீகாரம் பெரும்பாலும் இருக்காது. நெட்ஃபிளிக்ஸுக்கோ பிரைமுக்கோ சந்தா கட்டினாலும் படம் எச்டியில் வராது, சில ஆப் திறக்கவே திறக்காது.

1 ஜிபி ராம், 2 ஜிபி ராம் என்று ரொம்ப யோசிக்கிறார்கள். 2 இருந்தால் நல்லதுதான். ஆனால் டிவி மெதுவாகிவிட்டால் மூன்று நான்காயிரத்தில் யூடியூப், ஓடிடி ஓட்டும் ஒரு ஸ்டிக் வாங்கி எச்டிஎம்ஐயில் செருகினால் அது புது டிவி மாதிரி ஓடும். பேனலுக்கு அப்படி ஒரு வழி இல்லையே. காசு குறைவாக இருக்கும்போது ஸ்மார்ட் வசதியில் குறைத்துக்கொள்ளுங்கள், பேனலிலும் சர்வீஸிலும் குறைக்காதீர்கள். பதினாறாயிரத்துக்கு ஊர் பேர் தெரியாத 43ஐ விட, அதே காசுக்கு சர்வீஸ் உள்ள கம்பெனியின் 32 எவ்வளவோ மேல், இதை நான் அடித்துச் சொல்வேன்.

கடையில் இன்னொன்று செய்யுங்கள். டிவிக்கு நேராக நின்று பார்த்துவிட்டு, பக்கவாட்டில் போய் நின்றும், கொஞ்சம் குனிந்தும் பாருங்கள். நம் வீடுகளில் டிவி சுவரில் மேலே இருக்கும், பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள், விஏ வகை பேனலில் அந்தக் கோணத்தில் கலர் வெளுத்துப்போகும், ஐபிஎஸ் வகையில் அவ்வளவு மாறாது. பழைய கேபிள் பாக்ஸ் என்றால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி ஒயர் சேருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பில்லில் மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும், "எல்இடி டிவி 1" என்று எழுதிய துண்டுச்சீட்டை வாங்கி வராதீர்கள். வாரண்டி அட்டையில் பேனலுக்கு எத்தனை மாதம் என்று தனியாகப் பாருங்கள். டெலிவரி ஆள் இருக்கும்போதே பெட்டியைப் பிரித்து, ஆன் செய்து, வெறும் வெள்ளை, வெறும் கறுப்புப் படம் போட்டுப் பாருங்கள், பிரிப்பதைப் போனில் வீடியோ எடுங்கள். கம்பெனி இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம், அதற்கு இந்த பில்தான் முதல் ஆதாரம்.

வீட்டுக்கு வந்ததும் செட்டிங்கில் பேக்லைட்டை 50, 60க்கு இறக்குங்கள். பட்டையின் ஆயுளைக் கூட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. ஈரத்துணியால் துடைக்காதீர்கள், ஸ்ப்ரே அடிக்காதீர்கள், வழியும் தண்ணீர் நேராகக் கீழ் ஓரத்துக்குப் போகும், பல டிவிகளில் அந்த பிலிம் இருப்பதும் அங்கேதான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மறுநாள் இப்படி இரண்டு மூன்று டிவி என் கடைக்கு வந்துவிடும். இடி இடித்தால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, கேபிள் ஒயரையும் பாக்ஸிலிருந்து கழற்றுங்கள். மின்னல் அந்த ஒயர் வழியாக பாக்ஸுக்குள் வந்து எச்டிஎம்ஐ போர்ட்டையும் சேர்த்து எரித்துவிடுகிறது.

அந்தத் தம்பி போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தார். பழைய டிவியின் போர்டையும் பட்டைகளையும் நான் உதிரிக்கு எடுத்துக்கொண்டு கொஞ்சம் பணம் கொடுத்தேன், மீதியைத் தவணையில் போட்டு ஒரு 32 இஞ்ச் எடுத்தோம், டவுனில் சர்வீஸ் சென்டர் இருக்கிற கம்பெனி. வீட்டில் மாட்டி, வெளிச்சத்தை 50க்கு இறக்கினேன். "பெட்டி சின்னதாப் போச்சேப்பா" என்று அவருடைய அம்மாவுக்கு முதலில் மனக்குறைதான். இரவு எட்டரைக்கு சீரியல் ஓடியபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தவர், "முகமெல்லாம் பளிச்சுனு தெரியுது, கண்ணும் கூசல" என்றார்.