வாடகைக்கு விட்ட வீட்டில் விபத்து நடந்தால் ஓனரின் மற்ற சொத்து தப்புமா?

வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் மாடிமேல் மாடி கட்டி மாணவர்களுக்கும், சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வரும் குடும்பங்களுக்கும் விடுபவர்கள் நிறைய. அட்வான்ஸ் எவ்வளவு என்று யோசிப்பதில் பாதிகூட இதை யோசிப்பதில்லை. மாடிக் கைப்பிடிச்சுவர் பெயர்ந்து ஒருவர் விழுந்து, ஓனர்தான் நஷ்டஈடு தரவேண்டும் என்று கோர்ட் தீர்ப்பு சொல்லிவிட்டால், அந்தப் பொறுப்பு அந்த ஒரு வீட்டோடு நிற்காது. நீங்கள் குடியிருக்கும் வீடு, பேங்க் டெபாசிட், என்றோ வாங்கிப்போட்ட மனை எல்லாவற்றையும் ஜப்தி செய்யச் சொல்லி எதிர்த்தரப்பு கேட்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு சிலவற்றை விட்டுவைக்கிறது: பி.எஃப்., பி.பி.எஃப்., ஆயுள் காப்பீட்டுப் பணம், தொழிலாளியின் கருவிகள், விவசாயி தான் குடியிருக்கும் வீடு. மாடி கட்டி வாடகைக்கு விடும் டவுன்காரருக்கு அதில் பெரிய ஆறுதல் இல்லை.

உடனே வரும் யோசனை, "மனைவி பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிடலாம்" என்பது. குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. செலவு குறைவுதான். ஆனால் விபத்தோ வக்கீல் நோட்டீஸோ வந்த பிறகு எழுதினால், கடன்காரரை ஏமாற்றச் செய்த மாற்றம் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஆவது பிரிவில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். வாடகை வீட்டையே முன்கூட்டி எழுதிக்கொடுத்தால்? இனி ஓனர் அவர், பொறுப்பும் அவருடையது, வீட்டுக்குள்ளேயே தலை மாறியதுதான் மிச்சம்.

2008 சட்டப்படி எல்.எல்.பி. (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு வைத்த கூட்டு நிறுவனம்) தொடங்கி அதன் பெயரில் சொத்தை வைத்தால் பொறுப்புக்கு வரம்பு உண்டு. ஆனால் உங்கள் சொந்த அலட்சியத்துக்கு அதிலும் விலக்கில்லை. சொத்தை அதற்கு மாற்ற முத்திரைத்தீர்வை, வருடாவருடம் கணக்குத் தாக்கல் வேறு. ரெண்டு போர்ஷனுக்கு இது தேவையில்லாத வேலை என்பது என் கருத்து.

உண்மையில் கைகொடுப்பது தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், அதாவது 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 22.2.2019 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவேண்டும், அதற்கு இணையதளமே இருக்கிறது. பதினோரு மாதம்தானே என்று இதிலிருந்து நழுவ முடியாது. வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான்.

நம் விஷயத்துக்கு முக்கியம் அந்தச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை. ஒப்பந்தத்தில் மாற்றி எழுதாவிட்டால் கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் லைன் மாற்றுவது, உள்ளும் வெளியும் வயரிங் ஓனர் தலையில். குழாய் வாஷர், சுவிட்சு, சாக்கெட்டு, கீசர் பழுது, ஜன்னல் கண்ணாடி குடியிருப்பவர் தலையில். கீசரில் ஷாக் அடித்தால் என்னவென்று யோசித்துப் பாருங்கள்: கெட்டது கீசரா, அதற்குப் பின்னால் இருக்கும் வயரா? சண்டையே அங்கேதான். அதனால் ஆள் குடிவரும் முன்பு எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்திங் பார்த்து, பில் வாங்கி, போட்டோவோடு ஒப்பந்தத்தில் இணைத்துவிடுங்கள். பழுது பற்றி வரும் புகாரை வாட்ஸ்அப்பிலேயே வாங்குங்கள், சரிசெய்ததையும் அதிலேயே பதில் போடுங்கள்.

வேலூருக்கென்று இரண்டு. பங்களாதேஷிலிருந்து வைத்தியத்துக்கு வருபவர்களுக்கு ரூம் விட்டால் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை (படிவம் சி என்று சொல்லிவந்தது) ஆன்லைனில் போடவேண்டும். மாணவிகளுக்கு ஹாஸ்டலாக நடத்தினால் பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான 2014 சட்டப்படி கலெக்டரிடம் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத இடத்தில் விபத்து என்றால் கேஸ் வேறு மாதிரி போகும்.

அப்புறம் காப்பீடு. 2021 ஏப்ரல் முதல் இருக்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி தீ, வெள்ளம், நிலநடுக்கத்தால் வீட்டுக்கு வரும் சேதத்துக்கானது. அங்கே விழுந்து அடிபட்டவருக்குத் தரவேண்டிய நஷ்டஈடு அதில் வராது. மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு தனியாகக் கேட்டு வாங்கவேண்டும், கேட்காவிட்டால் ஏஜென்ட் சொல்லவும் மாட்டார். வீட்டை வாடகைக்கு விட்டிருப்பதையும், ஹாஸ்டல் என்றால் ஹாஸ்டல் என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் கம்பெனி அதைத்தான் முதலில் பிடிக்கும்.