கீயிங் என்றால் பின்னணி நீக்கமா?

சமூக மன்றக் கலைநிகழ்ச்சி, கோயில் குடமுழுக்கு, திருமண வரவேற்பு என்று சிங்கப்பூரில் எதை எடுத்தாலும் இப்போது ஓரமாக ஒரு மேசை, அதன்மேல் ஒரு சுவிட்சர் (பல கேமராப் படங்களை மாற்றியும் கலந்தும் நேரலைக்கு அனுப்பும் பெட்டி), நாலைந்து கேபிள், நேரலை. அந்த மேசையில் உட்காரும் தொண்டூழியர்களுக்குத் தமிழில் பயிற்சிக் குறிப்பு எழுதுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் 'கீயிங்' என்ற சொல்லுக்கு நேரே 'பின்னணி நீக்கம்' என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அண்மையில் ஒரு பயிலரங்கிலும் அதையே பலகையில் எழுதினார்கள்.

முதலில் சொல்லின் கதை, சுருக்கமாக. ஆங்கிலத்தில் 'கீ' என்றால் சாவி. தந்தி வந்தபோது அழுத்தி அழுத்திச் செய்தி அனுப்பும் கட்டைக்கும் அதே பெயர் வைத்தார்கள். அங்கிருந்து, ஒரு சிக்னலைத் திறந்து மூடுவதற்கே மின்னணுத் துறையில் 'கீயிங்' என்ற பெயர் நிலைத்தது. தொலைக்காட்சியில் அது இரண்டு படங்களுக்கு நடுவே நடக்கிறது. நிறத்தைப் பார்த்துச் செய்வது குரோமா கீ, வெளிச்சத்தைப் பார்த்துச் செய்வது லூமா கீ. 'குரோமா' நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 'லூமா' ஒளியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அவ்வளவுதான்.

வேலை என்ன? உயர்தெளிவுப் படத்தில் 1920க்கு 1080, அதாவது 2 மில்லியனுக்கும் மேற்பட்ட புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் மேல்படம் தெரிய வேண்டுமா, கீழ்ப்படம் தெரிய வேண்டுமா, இரண்டும் கலந்து தெரிய வேண்டுமா என்பதற்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் விடை சொல்கிறது. அதுதான் கீ. வெள்ளை இருக்கும் இடத்தில் மேல்படம், கறுப்பு இருக்கும் இடத்தில் கீழ்ப்படம், சாம்பல் இருந்தால் அந்த அளவுக்குக் கலவை. மேல்படத்துக்கு 'ஃபில்' என்று பெயர்.

இதில் பின்னணி எங்கே வந்தது, நீக்கம் எங்கே வந்தது? பச்சைத் துணிக்கு முன்னால் ஒருவரை நிறுத்தி எடுக்கும்போது துணி மறைகிறதே என்பார்கள். சரி, அதே துணிக்கு முன்னால் பச்சைப் பட்டுப் புடவை கட்டிய அறிவிப்பாளரை நிறுத்துங்கள். தலையும் கைகளும் மட்டும் கீழ்ப்படமாக வைத்த மரினா பே மேல் மிதக்கும். பொங்கல் நிகழ்ச்சி என்றால் வாழையிலையும் சேர்ந்து போகும். 'பின்னணி நீக்கம்' என்று படித்துவிட்டு வந்த பிள்ளை திருதிருவென விழிக்கிறான்: "பின்னணிதானே அண்ணே போகணும், புடவை ஏன் போகுது?" அவன் கேட்பது நியாயம். இயந்திரத்துக்கு முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. அதற்குத் தெரிந்தது நிறம் ஒன்றுதான். முன்னால் நிற்பவரைப் பின்னணியிலிருந்து பிரித்தறியும் மென்பொருள்கள் இப்போது உண்டு. காணொளிச் சந்திப்புச் செயலிகள் செய்வது அதைத்தான். 'பின்னணி நீக்கம்' என்ற பெயர் அவற்றுக்குப் பொருந்தும். அதைக் கொண்டுவந்து சுவிட்சரின் தலையில் கட்டியதுதான் கோளாறு.

லூமா கீயைப் பார்த்தால் அந்தச் சொல் இன்னும் மோசமாகத் தடுமாறும். இங்கே வெளிச்சத்தின் அளவுதான் நடுவர். வெளிச்சமான இடம் மேலே நிற்கும், இருண்ட இடம் மறையும். கறுப்புப் பரப்பின்மேல் வெள்ளை எழுத்தில் பெயரை எழுதி அனுப்பினால் எழுத்து மட்டும் அழகாக நிற்கும். 'பாருங்கள், பின்னணி நீங்கிவிட்டது' என்று அவர்கள் இதற்கும் சொல்லக்கூடும். ஆனால் வெள்ளைப் பட்டையின்மேல் கறுப்பு எழுத்தில் எழுதி அனுப்பினால் பட்டை அப்படியே இருக்கும், எழுத்து ஓட்டையாகி அதன் வழியே பேச்சாளரின் சட்டை தெரியும். நீங்கியது பின்னணியா, பெயரா?

'பச்சைத் திரை உத்தி' என்பவர்களும் இருக்கிறார்கள். பச்சை ஒரு வசதி, அவ்வளவே. தோல் நிறத்திலிருந்து அது நன்றாக விலகி நிற்கிறது. பெரும்பாலான டிஜிட்டல் கேமரா உணரிகளில் சிவப்பையும் நீலத்தையும் விடப் பச்சைப் புள்ளிகள் இரண்டு மடங்கு. உயர்தெளிவுத் தரத்தில் ஒரு புள்ளியின் ஒளிர்வைக் கணக்கிடும்போது மொத்தம் 1 என்றால் பச்சையின் பங்கு 0.7152, நீலத்தின் பங்கு 0.0722 மட்டுமே. திரைப்படக்காரர்கள் நெடுங்காலம் நீலத்தைத்தான் கட்டினார்கள். புடவை பச்சையென்றால் இன்றும் நீலத் துணிதான் கைகொடுக்கும்.

இனி 'விசை'க் கட்சி. விசைப்பலகையில் கீ விசையாயிற்று, ஆகவே குரோமா கீ 'நிறவிசை' என்கிறார்கள். வேர் பார்த்தால் இது சாவியைவிட மேல்தான், தந்திக் கட்டையும் விசைதானே. ஆனால் சுவிட்சர் முழுவதும் அழுத்துகிற பொத்தான்கள். 'இரண்டாம் விசையைப் போடு' என்றால் பையன் கை கேமரா இரண்டின் பொத்தானுக்குப் போகும். நேரலையில் அது போதும், மானம் கப்பலேற. சாவிக் கட்சியோ பேசவே லாயக்கில்லாதது. எல்லாவற்றுக்கும் பிறகு கடைசியாக மேலே சேர்க்கும் 'டவுன்ஸ்ட்ரீம் கீ' என்பதை 'கீழ்நீரோட்டச் சாவி' என்று அச்சிட்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆற்றில் விழுந்த சாவியைத் தேடுவதா, நிகழ்ச்சியை நடத்துவதா?

பிரிட்டனில் 1950களில் இந்த உத்திக்கு 'இன்லே' என்ற பெயரும் புழங்கியது. வண்ணம் வந்ததும் பிபிசியில் குரோமா கீயை 'கலர் செப்பரேஷன் ஓவர்லே' என்றார்கள். 'இன்லே' என்றதும் நமக்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. சிராங்கூன் சாலை நகைக்கடையில் எவரையும் கேளுங்கள்: கல் பதித்தல். கல்லின் வடிவத்துக்குத் தங்கத்தில் குழி எடுத்து, அதில் கல்லை உட்காரவைப்பது. கீயும் ஃபில்லும் செய்வது அச்சு அசலாக இதுவே. எனவே கீயிங் 'பதித்தல்', கீ 'துளை', ஃபில் 'நிரப்பு', இந்த வேலையைச் செய்யும் சுவிட்சர் பகுதியான கீயர் 'பதிப்பி'. எழுத்துகளை உருவாக்கும் கணினியிலிருந்து இரண்டு கேபிள் வருகிறதே, ஒன்றில் 'துளை', மற்றதில் 'நிரப்பு' என்று ஒட்டிவிட்டால் எதை எதில் செருகுவது என்று விளக்கவே வேண்டாம்.

சிக்கல் இல்லாமலில்லை. 'வண்ணப் பதிப்பு' என்றால் நாளிதழ் நினைவுக்கு வரும். 'ஒளிவழிப் பதித்தல்' என்று லூமா கீக்குச் சொல்லலாமென்றால், இந்த ஊரில் ஒளிவழி என்றால் வசந்தம் போன்ற தொலைக்காட்சிச் சேனல். ஆகவே 'நிறம் பார்த்துப் பதித்தல்', 'ஒளிர்வு பார்த்துப் பதித்தல்' என்று நீட்டிச் சொல்வதே எனக்குப் பிடித்திருக்கிறது. நீளம்தான், ஆனால் இயந்திரம் எதைப் பார்க்கிறது என்று சொல்லிலேயே இருக்கிறது. டவுன்ஸ்ட்ரீம் கீயர் 'இறுதிப் பதிப்பி': கீழே கேமராக்கள் எப்படி மாறினாலும் அதற்குப் பிறகு கடைசியாகப் பதிக்கப்படுவதால் சின்னமும் பெயர்ப்பட்டையும் அசையாமல் நிற்கின்றன.

மொழிபெயர்ப்பவர்கள்மீது எனக்குள்ள மனத்தாங்கல், மேசைப்பக்கம் வந்து பார்க்காமலேயே அகராதியைத் திறக்கிறார்கள் என்பதே. 'பிரிவியூ'வை 'முன்னோட்டம்' என்று எழுதியதும் அப்படித்தான். முன்னோட்டம் என்றால் படம் வெளிவருமுன் காட்டுவது. சுவிட்சரில் அது அடுத்துப் போகவிருக்கும் படம், பச்சை விளக்கு எரியும் வரிசை. அதற்கு 'அடுத்தது' போதும், இப்போது நேரலையில் போகும் படத்துக்கான, சிவப்பு எரியும் 'புரோகிராம்' வரிசைக்கு 'போவது'. 'பெருவிரைவு ரயில்' என்று பெயரிலேயே வேலையைச் சொல்லிப் பழகிய ஊர் இது.

ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென மாறும் 'கட்'டை மட்டும் விட்டுவிடுங்கள். 'வெட்டு' என்று மாற்றச் சொல்லி மேசையில் யாரும் கேட்கவில்லை.