பேட்ச்வொர்க் போர்வை: தையலுக்கு உட்காரும் முன் கவனிக்க வேண்டியவை

தையல் பயிற்சி அளிக்கும் என்னிடம் பேட்ச்வொர்க் போர்வை கற்க வருபவர்களில் பெரும்பாலோர், தைப்பதில்தான் சிரமம் இருக்கும் என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். பிளவுசும் சுடிதாரும் தைத்துப் பழகியவர்களுக்குச் சதுரத் துண்டுகளை நேர்த்தையலில் இணைப்பது சிரமமான வேலையே இல்லை. இருந்தும் முதல் போர்வை பலருக்குக் கோணலாக முடிகிறது, அல்லது முதல் சலவையிலேயே ஒரு நிறத்தின் சாயம் மற்றொன்றில் ஏறிப் பாழாகிறது. இந்த இரண்டு குறைகளும் துணியைத் தேர்ந்து, அலசி, அளந்து வெட்டும் கட்டத்திலேயே தொடங்கிவிடுவதால், அந்தக் கட்டத்தைப் பற்றியே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இவ்வகைப் போர்வைக்கு மூன்று அடுக்குகள் உண்டு: துண்டுகளை இணைத்துத் தைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மேல்துணிக்குக் காட்டன் பாப்ளினோ கேம்பிரிக்கோ போதும். வீட்டில் சேர்ந்து கிடக்கும் வெட்டுத்துணிகளைப் பயன்படுத்தலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் முதல் போர்வையில் ஒரே வகைத் துணியாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். பனியன் துணி தைக்கும்போதே இழுபட்டு நீளும். பாலியெஸ்டர் கலந்த துணி சுருங்காது, அதன் அருகில் உள்ள காட்டன் துண்டோ சுருங்கிச் சுற்றிலும் கொசுவம் விழச் செய்யும். மேலும், காட்டனுக்குத் தேவையான சூட்டில் தேய்த்தால் பாலியெஸ்டர் பொசுங்கிவிடும்.

எந்தத் துணியானாலும் வெட்டும் முன் அலசிக் காயவைத்துத் தேய்த்துவிட வேண்டும். அலசாத காட்டன் முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்குவது சாதாரணம்; அடித்துணிக்குப் பலரும் வாங்கும் காடா துணி அதைவிடக் கூடுதலாகவும் சுருங்கக்கூடும் என்பதால் அதை இரண்டு முறை அலசுவது நல்லது.

சாயத்தைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். புதுத்துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது நம் வீடுகளில் தலைமுறையாக வரும் நம்பிக்கை. சாயப்பட்டறையில் உப்புக்கு வேலை உண்டு; சாயத் தொட்டியில் உள்ள சாயம் நூலுக்குள் ஏற அது உதவுகிறது. ஆனால் சாயமேற்றி முடிந்த துணியில் நூலோடு பிணையாமல் தங்கியிருக்கும் மிச்சச் சாயத்தை வீட்டு உப்பால் பிடித்து நிறுத்த முடியாது. அதைச் சோப்புத்தூள் கலந்த வெந்நீரில், தண்ணீர் தெளியும் வரை திரும்பத் திரும்ப அலசி வெளியேற்றுவதுதான் வழி. மெரூன், அடர் சிவப்பு, கருநீலம் ஆகிய நிறங்களில் மிகுந்த எச்சரிக்கை தேவை. துணியின் ஒரு மூலையை நனைத்து, வெள்ளைக் கைக்குட்டையின் மடிப்புக்குள் வைத்து, மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்துங்கள். கைக்குட்டையில் மங்கலான இளஞ்சிவப்புக் கறை தெரிந்தாலும் அந்தத் துணி இன்னும் தயாராகவில்லை. நான்கைந்து அலசலுக்குப் பிறகும் கறை நிற்கவில்லை என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வெளிர் நிறத்தோடு சேர்க்காமல் ஒதுக்கிவிடுவதே என் பரிந்துரை.

அடுத்தது வெட்டுதல். முதல் முயற்சிக்கு 36 அங்குலச் சதுரப் போர்வை ஏற்றது. அதற்கு மூன்றரை அங்குலச் சதுரங்கள் 144 வேண்டும்; தையல் ஓரம் போக ஒவ்வொன்றும் மூன்று அங்குலமாக நிற்கும். அடர் நிறத்தில் 72, வெளிர் நிறத்தில் 72 எனப் பிரித்துக்கொண்டால் சதுரங்கப் பலகை அமைப்பு கிடைக்கும். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு மீட்டர் வாங்கினால் சுருக்கமும் சேதாரமும் போகப் போதுமானதாக இருக்கும். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் கொண்டுவந்த, வட்டத் தகடு உருண்டு துணியை வெட்டும் உருளைக்கத்தி இந்தக் கலையின் வேகத்தையே மாற்றியது உண்மைதான், ஆனால் தொடக்கத்தில் அது கட்டாயம் இல்லை. கனமான பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் மூன்றரை அங்குலச் சதுரம் ஒன்றைத் துல்லியமாக வெட்டி வைத்துக்கொண்டு, துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு நூலோடு அதன் ஓரத்தைப் பொருத்தி, கூரான பென்சிலால் வரைந்து வெட்டினால் போதும். துணியைப் பல மடிப்பாக மடித்து ஒரே வெட்டில் முடிக்க நினைக்காதீர்கள். அடியில் உள்ள மடிப்புகள் நகர்ந்து அளவு மாறிவிடும். நூல் ஓட்டத்துக்குச் சாய்வாக, கிராஸில் வெட்டப்பட்ட ஓரம் தேய்க்கும்போதே நீண்டு, சதுரம் சாய்சதுரமாகிவிடும்.

இந்த வேலையில் தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம். உடை தைப்பவர்கள் பிரித்து விட உதவும் என்று அரை அங்குலத்துக்குக் குறையாமல் விட்டுப் பழகியிருப்பதால், கை தன் பழக்கத்துக்கே போய்விடுகிறது. ஒரு தையலில் வெறும் பதினாறில் ஒரு அங்குலம் கூடிப்போனாலும், அது இரு பக்கத் துண்டுகளிலும் சேர்ந்து எட்டில் ஒரு அங்குலத்தை விழுங்குகிறது. நம் போர்வையின் ஒரு வரிசையில் 12 சதுரங்கள், 11 தையல்கள். மொத்தத்தில் ஒன்றேகால் அங்குலத்துக்கும் மேல் குறைந்துவிடும். எல்லா வரிசையும் ஒரே அளவில் குறைந்தால் போர்வை சிறிதாவதோடு போகும், ஆனால் வரிசைக்கு வரிசை தவறு மாறுவதால்தான் மூலைகள் ஒன்றோடொன்று சேராமல் போகின்றன.

ஆகவே போர்வையைத் தொடங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். எஃகு அளவுகோலால் ஊசிமுனையிலிருந்து வலப்புறம் கால் அங்குலம் அளந்து, தையல் தகட்டின் மேல் காகித டேப்பை நேராக ஒட்டுங்கள். துணி இஞ்ச் டேப் நாளடைவில் நீண்டிருக்கும், அதை நம்ப வேண்டாம். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் ஓரமும் பல இயந்திரங்களில் சரியான கால் அங்குலமாக இருப்பதில்லை. பிறகு ஒன்றரை அங்குல அகலமுள்ள மூன்று பட்டைகளை அருகருகே வைத்து, ஒட்டிய டேப்பை ஒட்டியே தைத்து, தேய்த்து அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக ஒரு அங்குலமும் மொத்த அகலம் மூன்றரை அங்குலமும் இருக்க வேண்டும். நடுப்பட்டை குறைந்திருந்தால், மடிப்புக்குப் போகும் துணியையும் கணக்கில் கொண்டு, டேப்பை ஒரு நூலிழையின் அகலம் மட்டும் ஊசியை நோக்கி நகர்த்தி மீண்டும் தையுங்கள். அரை மணி நேரம் பிடிக்கும் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு யாரையும் சதுரங்களைத் தைக்க நான் அனுமதிப்பதில்லை.

தைத்த ஒவ்வொரு வரிசையையும் தேய்த்த பின்பே அடுத்ததோடு இணைக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள். தையல் ஓரங்களை எல்லா வரிசையிலும் அடர் நிறத்தின் பக்கமே சாய்த்தால், அடுத்தடுத்த வரிசைகளின் ஓரங்கள் எதிரெதிர்த் திசையில் அமைந்து, ஒன்றையொன்று கவ்வி உட்காரும். விரல் நுனியாலேயே அதை உணரலாம். அந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்தித் தைத்தால் நான்கு மூலைகளும் ஒரே புள்ளியில் சந்திக்கும்.

நடு அடுக்குக்கு இலவம் பஞ்சையோ மெத்தைக்கடைப் பஞ்சையோ உதிரியாகப் பரப்பாதீர்கள். துவைத்ததும் அது ஒரு பக்கமாகத் திரண்டு கட்டிகட்டியாகிவிடும். விரிப்பாகவே விற்கப்படும் காட்டன் பேட்டிங் நல்லது. நம் ஊர் வெப்பத்துக்கு, நைந்துபோகாத பழைய காட்டன் சேலையை இரண்டாக மடித்து வைப்பதையே நான் விரும்புகிறேன். அடித்துணியை எல்லாப் பக்கமும் மூன்று அங்குலம் கூடுதலாக வெட்டி, மூன்று அடுக்கையும் ஊக்குகளால் பிணைத்து, நடுவிலிருந்து வெளிநோக்கித் தையுங்கள். தையல் வரிகளுக்கு இடையே நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். கடைசியில் இரண்டரை அங்குலப் பட்டியை இரண்டாக மடித்து ஓரத்தைக் கட்டினால் வேலை முடிந்தது.

இயந்திரம் இல்லாதவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் கவந்தி என்னும் போர்வையை முழுக்கக் கையாலேயே தைக்கிறார்கள். பழைய சேலையை அடியில் விரித்து, விளிம்பில் தொடங்கி, துண்டுகளின் ஓரத்தை மடித்து மடித்து வைத்து, ஓட்டுத்தையலால் சுற்றிச் சுற்றி மையத்தை நோக்கி வருகிறார்கள். அதில் துண்டுகள் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை, தனியாக ஓரப்பட்டியும் தேவையில்லை. அளவுகளைக் கண்டு அஞ்சுகிறவர்களுக்கு இந்த முறையையே முதலில் கற்பிக்கலாம் என்பது என் கருத்து.

முதல் போர்வையைப் பிறந்த குழந்தைக்கென்று தைப்பவர்கள் ஏராளம். ஒரு வயது நிறையாத குழந்தை உறங்கும்போது முகத்தை மூடிவிடும் அபாயம் இருப்பதால், தளர்வான போர்வை எதையும் போர்த்தக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. விழித்திருக்கும்போது, நீங்கள் அருகில் இருக்க, தரையில் விரித்து அதன் மேல் விளையாட விடலாம். தைக்கத் தொடங்கும்போது ஊக்குகளையும் குண்டூசிகளையும் எண்ணி எழுதி வைத்து, முடித்ததும் அந்த எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டுமே போர்வையைக் கைமாற்றுங்கள்.

அதன் முதல் சலவையை வேறு துணி எதுவும் சேர்க்காமல் தனியாகச் செய்யுங்கள். எல்லாக் கவனத்துக்குப் பிறகும் சாயம் இறங்கியிருப்பது தெரிந்தால், போர்வையைக் காயவிடவோ தேய்க்கவோ கூடாது. ஈரமாக இருக்கும்போதே, பெரிய தொட்டி நிறைய வெந்நீரில் சோப்புத்தூளைக் கரைத்து முழுக்க மூழ்கும்படி இரவு முழுவதும் ஊறவிட்டு, தண்ணீர் தெளியும் வரை மாற்றி மாற்றி அலசினால், பெரும்பாலான கறையை இன்னும் வெளியேற்றிவிட முடியும்.